காருக்கு ஊற்றி மிஞ்சிய ஆயில்

போலகத்தில் கிளாட்வினிடம் வண்டியைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்டவர்கள் சீக்கிரத்தில் வீடு திரும்பியதாகச் சரித்திரம் கிடையாது. டயருக்கு எவ்வளவு காற்று அடிக்கலாம் என்று கேட்டால், ரப்பர் மரம் எந்த நாட்டில் வளர்கிறது என்பதிலிருந்து ஆரம்பிப்பான். காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை அவனுக்கு. வாழ்நாளில் அவன் ஸ்பானர் போட்டுக் கழற்றிய ஒரே நட்டு, பைக்கில் பழைய ஆயிலை வடிக்கிற நட்டுதான். மற்றதெல்லாம் கைப்பேசியில் வீடியோ பார்த்துப் பார்த்து ஏறிய ஞானம். ஆபீசில் அவனுக்கு ‘இன்ஜினியர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அதில் பாதி கிண்டல் என்பது அவனைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் பழைய கார் ஒன்று வாங்கினான். பங்குச் சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போன நாளிலிருந்து ஆபீசுக்குக் காரில்தான் போனான். பைக் வாசல் கொட்டகையில் சும்மா நின்றது. ஒருநாள் சில்வியா கேட்டாள், அந்த பைக்கை இனி நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று.

சில்வியா அவன் மனைவி. ரத்தப் பரிசோதனைக்குப் படித்தவள். கல்யாணத்துக்கு முன்பு ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள், மகள் பிறந்ததும் விட்டுவிட்டாள். இப்போது மகள் பள்ளிக்கூடம் போய்விட்டு மாலையில்தான் வருகிறாள். கூடப் படித்த வெண்மதி நெடுங்காட்டில் சொந்தமாக ஒரு பரிசோதனைக் கூடம் திறக்கப் போவதாகவும், ஈஸ்டர் முடிந்ததும் வந்து சேர்ந்துகொள் என்றும் கூப்பிட்டிருந்தாள். அந்த வேலைக்குக் காலையில்தான் கூட்டம். சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றோடு வருகிறவர்களை வெயில் ஏறும்வரை உட்கார்த்தி வைக்க முடியாது. போலகத்திலிருந்து காரைக்கால் போய், அங்கே இன்னொரு பஸ் பிடித்து நெடுங்காடு போய் இறங்கினால் பாதிப் பேர் டீ குடித்துவிட்டிருப்பார்கள். ஆகவே பைக்தான் வழி. கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவின் வண்டியை ஓட்டியவள், லைசென்ஸும் உண்டு. ஓட்டித்தான் பல வருடம் ஆகிவிட்டது. ஒரு மாதம் போல விடியற்காலையில் வாஞ்சூர் ரோட்டில் ஓட்டிப் பழகினாள். வண்டி அவள் கைக்கு வந்துவிட்டது.

இதில் கிளாட்வினுக்கு மகிழ்ச்சிதான். பெருமை என்றுகூடச் சொல்லலாம். அந்தப் பெருமையில்தான் அவன் அந்தக் காரியத்தைச் செய்தான். மெக்கானிக்கிடம் காருக்கு ஆயில் மாற்றியபோது பெரிய டப்பாவில் மிச்சம் இருந்தது. அதை பைக்கில் ஊற்றிவிடலாம் என்று சனிக்கிழமை காலை டப்பாவோடு கொட்டகையில் வந்து உட்கார்ந்தான்.

சில்வியா துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள். “ஏங்க, டப்பாவுல கார் படம்தானே போட்டிருக்கு. பைக்குல ஊத்தலாமா?”

“காரையே ஓட்டுற ஆயிலு, இந்தச் சுண்டக்கா இன்ஜினுக்கு ஆவாதா? ஃபுல் சிந்தெடிக் சில்வி இது. தண்ணி மாதிரி இருக்கும், வேலைன்னு வந்தா இதுக்கு ஈடே கெடையாது. ஒனக்குன்னுதான் ஊத்துறேன்.”

“இல்ல, கேட்டேன்.”

“இதெல்லாம் ஒனக்குப் புரியாது, நீ போய்த் துணியக் காயப்போடு” என்றான். செல்லமாகத்தான் சொன்னான். சில்வியாவும் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அடுத்த வாரம் தவக்காலத்து ஞாயிறு. காரைக்கால் கோயிலில் பூசை முடிந்து ஏதோ வாங்கிக்கொண்டு வரலாம் என்று கிளம்பினார்கள். சில்வியா பைக்கில் வருகிறேன் என்றாள். நெடுங்காட்டுக்குத் தினமும் அந்த வழியில்தானே போக வேண்டும், ஒரு முறை கூட்டத்தில் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று. கிளாட்வினின் அம்மா டெய்சி காரில் ஏறவில்லை. “ஏசி போட்டா எனக்கு மூக்கடைக்கும். நான் மருமவ பின்னால உக்காந்து காத்தாட வர்றேன்” என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பைக்கில் ஏறிவிட்டாள். கிளாட்வின் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு காரில் பின்னாலேயே வந்தான்.

நம் ஊரில் மேடு என்று ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் பாலத்துக்குத்தான் போக வேண்டும். அரசலாற்றுப் பாலத்து ஏற்றத்தில் சில்வியாவின் வண்டி திடீரென்று ஓலமிட ஆரம்பித்தது. இன்ஜின் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. அவள் முறுக்க முறுக்கச் சத்தம்தான் கூடியதே தவிர வேகம் கூடவில்லை. சைக்கிள்காரர் ஒருவர் அவளை முந்திக்கொண்டு போனார். பின்னால் பஸ் ஹாரன். பாலத்தோரம் மீன் கூடை வைத்திருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். சில்வியா ஒருவாறு ஓரம் கட்டி நிறுத்தினாள். டெய்சி இறங்கி நின்றுகொண்டாள்.

“கிளட்ச்சப் புடிச்சிக்கிட்டே முறுக்குனா வண்டி எப்புடிம்மா போவும்?” என்று யாரோ ஓர் ஆள் சொன்னான். ரெண்டு பேர் சிரித்தார்கள்.

கிளாட்வின் காரை விட்டு இறங்கினான். ஆள் கூடியிருக்கிறது, வண்டி விஷயம் வேறு. சும்மா இருக்க முடியுமா அவனால்? வண்டியில் ஏறி உட்கார்ந்து ஒரு முறுக்கு முறுக்கிப் பார்த்தான். கருகல் வாடை வந்தது. அது போதும் அவனுக்கு.

“கிளட்ச்சு பிளேட்டு போச்சு” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தான். “படிச்சுப் படிச்சுச் சொன்னேன், அரை கிளட்ச்சுல ஓட்டாதன்னு. கேட்டாத்தானே! மிக்ஸி ஓட்டுற மாதிரி ஓட்டியிருக்கா.”

மீன்காரப் பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் பேசிய ஆள், “அதான பார்த்தேன்” என்றான்.

“நான் முழுசா விட்டுட்டுத்தாங்க இருந்தேன்” என்றாள் சில்வியா, மெதுவாக.

“விட்டிருந்தா ஏன் வழுக்குது? சொல்லு. வண்டியா பொய் சொல்லும்?”

கிளட்ச்சைப் பிடிக்கிற இடது கையைத் தூக்கி ஒருமுறை பார்த்தாள். சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டு, மாமியாரைக் கூட்டிக்கொண்டு காரில் போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்தாள். வண்டியை ஓர் ஆளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னான் கிளாட்வின். வழியெல்லாம் கிளட்ச்சை எப்படி விட வேண்டும் என்று பாடம் நடத்திக்கொண்டே வந்தான். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அழவில்லை. அவன் சொல்வதை நிஜமாகவே கவனித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் பைக் பக்கம் போகவில்லை. “பிளேட்ட மாத்திடலாம், ஒண்ணும் பெரிய விசயமில்ல” என்று கிளாட்வின் பெருந்தன்மையாகச் சொன்னான். “பார்ப்போங்க” என்றாள். அடுப்படியில் நிற்கும்போது இடது கை விரல்களை மடக்குவாள், விரிப்பாள், மறுபடி மடக்குவாள். கை வலிக்கிறது போல என்று நினைத்தான். நெடுங்காட்டு வேலை பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அவனும் எடுக்கவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமானால், காலையில் காபி நேரத்துக்கு வரும், மகளுக்கு அவளே தலை பின்னி அனுப்புவாள் என்று ஓர் ஓரத்தில் அவனுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பிற்பாடு அவனை ரொம்பச் சுட்டது அந்த நிம்மதிதான்.

ஆபீசில் பாலத்துக் கதையை மிக்ஸியோடு சேர்த்துச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். நூகு மட்டும் சிரித்து முடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டான். நூகு பக்கத்து மேஜைக்காரன். தன்னுடைய பைக்கில் தினமும் நிரவியிலிருந்து வருகிறவன். ஆபீசில் கிளாட்வினை ‘இன்ஜினியர்’ என்று கிண்டல் கலக்காமல் கூப்பிடுகிற ஒரே ஆள்.

“சிந்தெடிக் ஆயிலு பைக்குக்கு ஊத்தலாமாண்ணே? எங்க மச்சான் காருக்கு வாங்குனது கெடக்கு.”

“தாராளமா ஊத்து. எங்க வீட்டு வண்டிக்கே கார் ஆயில்தான் ஊத்தியிருக்கேன். வெண்ணெ மாதிரி ஓடும் பாரு.”

நூகு நம்பிப் போய் ஊற்றினான். சில நாள் கழித்து வியர்க்க வியர்க்க ஆபீசுக்குத் தாமதமாக வந்தான்.

“என்னண்ணே இது, வண்டி கத்துதே தவிர நவுர மாட்டேங்குது! மூணாவது கியருல சுமாரா போவுது. நாலாவது போட்டு முறுக்குனா காலி ரேஸு. பாலத்துல தள்ளிக்கிட்டு வர்றேன்.” நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். “நானும் அண்ணி மாதிரி அரை கிளட்ச்சுல ஓட்டுறேனோ என்னமோ!”

சுற்றிலும் சிரிப்பு. கிளாட்வினுக்கு வாய் மட்டும் சிரித்தது. நூகு மீசை முளைத்த நாளிலிருந்து வண்டி ஓட்டுகிறவன். அவனுக்குக் கிளட்ச் விடத் தெரியாது என்று எவனும் சொல்ல முடியாது. அப்படியானால்?

ஆபீசுக்குப் பின்னால் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டு கைப்பேசியில் தேடினான். இத்தனை வருடம் பார்த்த வீடியோக்களில் இது எப்படிக் கண்ணில் படாமல் போனது? பட்டிருக்கும். தெரிந்த விஷயம்தானே என்று தள்ளிவிட்டிருப்பான். காரில் கிளட்ச் தனியாக, ஈரமில்லாமல், வெளியே இருக்கிறது. இன்ஜின் ஆயிலுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. பைக்கில் அப்படி இல்லை. கிளட்ச் பிளேட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கின்றன. ஒன்றையொன்று கெட்டியாகக் கவ்வினால்தான் சக்கரம் சுற்றும். கார் ஆயிலில் பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று வழவழப்புக்கு ஏதோ சேர்க்கிறார்கள். அது காருக்கு நல்லது. பைக்கில் அதே வழவழப்பு பிளேட்டுகளுக்கு நடுவே புகுந்து கவ்வ விடாமல் செய்துவிடும். கிளட்ச்சை முழுசாக விட்டிருந்தாலும் வழுக்கும். சிந்தெடிக் என்பதில் ஒரு குற்றமும் இல்லை. பைக்குக்கென்றே சிந்தெடிக் ஆயில் விற்கிறது, டப்பாவின் பின்பக்கம் எம்.ஏ. என்று குறி போட்டிருக்கும். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருந்தால் போதும். முன்பக்கத்திலேயே கார் படம் போட்டிருக்கிறது என்று ஒருத்தி சொன்னாள். அவளுக்குத்தான் புரியாது என்று அனுப்பிவைத்தானே.

முழுசா விட்டுட்டுத்தாங்க இருந்தேன் என்று அவள் சொன்னது இப்போதுதான் அவன் காதில் சரியாக விழுந்தது. முகம் சூடாகிவிட்டது. தனியாகத்தான் இருந்தான், இருந்தும் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டான்.

அன்றைக்கே வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். ‘சில்வி, தப்பு என் மேலதான்’ என்று நாலே வார்த்தை. அதைச் சொல்லாமல் இருக்க எத்தனை பாடுபட்டான் என்று கேளுங்கள். தெரிந்தவர் கடை வேண்டாம் என்று நாகூர் வரைக்கும் போய் பைக் ஆயில் வாங்கினான். வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதைக்கு எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, தலைவலி என்று தங்கிவிட்டு, அந்தப் பாழாய்ப்போன ஆயிலை வடித்தான். புதுசை ஊற்றி வாஞ்சூர் ரோட்டில் ஓட்டினான். முதலில் கொஞ்சம் முரண்டு பிடித்தது. போகப் போகச் சரியாகி, திரும்பும்போது கிளட்ச் கல் மாதிரி கவ்வியது. பிளேட்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அது அவனுக்கு இன்னும் கேவலமாக இருந்தது. உண்மையாகவே பிளேட் போயிருந்தால் பாதிப் பொய்யாவது மெய்யாகியிருக்கும். வடித்த ஆயிலைப் பழைய புட்டியில் அடைத்து, கோழிக்கூண்டுக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவினான்.

நூகுவிடமும் மறுநாள் தாழ்ந்த குரலில் சொன்னான். “அந்த ஆயில் வேணாம் நூகு. வடிச்சிட்டு பைக் ஆயிலே ஊத்திடு. சில வண்டிக்கு ஒத்துக்காது போல.” சில வண்டிக்கு! அந்தச் சில என்ற சொல்லை எங்கிருந்து பிடித்தான் என்று அவனுக்கே தெரியாது.

சில்வியாவிடம், “பிளேட்டு புதுசு மாத்திட்டேன். எடுத்து ஓட்டிப் பாரேன்” என்றான்.

“வேணாங்க.”

“ஏன்? அதான் மாத்தியாச்சே.”

“திரும்பவும் கெடுத்துட்டா?” அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. கரண்டி தொலைந்த கணக்காக, டம்ளர் உடைந்த கணக்காகச் சொன்னாள். “நான் விட்டுட்டேன்னுதான் நெனச்சேன். கை விடல போலருக்கு. எனக்கே தெரியல.”

அப்போது சொல்லியிருக்க வேண்டும். அவன் வாய் திறந்ததும் நிஜம். “பழகப் பழகச் சரியாயிடும்” என்று வெளியே வந்தது. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஈஸ்டருக்கு முன்னால் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் டெய்சி வீட்டில் யாரையும் விடமாட்டாள். எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நிறுத்தினாள். கிளாட்வினுக்கு ஒரு வகையில் ஆறுதலாக இருந்தது. இங்கே சொல்லிப் பழகிவிட்டால் வீட்டில் சொல்வது சுலபமாகிவிடும் என்று கணக்குப் போட்டான். முழங்கால் போட்டதும் கணக்கு தப்பியது.

“சாமி, சம்சாரத்துக்கிட்ட ஒரு சின்னப் பொய் சொல்லிட்டேன்.”

“என்ன பொய்?”

“வண்டி ரிப்பேரு சம்பந்தமா சாமி.”

வரிசை வாசல் வரைக்கும் நின்றது. சாமியார் பாவம், காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார். வண்டி ரிப்பேரில் பெரிதாக என்ன இருக்கப்போகிறது என்று மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். கிளாட்வின் மூன்றையும் சொன்னான். கூட ரெண்டு சொன்னான். எழுந்தபோது முன்னைவிடப் பாரமாக இருந்தது. மனிதர்களை ஏமாற்றியது போதாதென்று, கேட்கவென்றே உட்கார்ந்திருந்தவரிடமும் பாதியை மறைத்துவிட்டு வந்திருக்கிறான். சில்வியா அவனுக்குப் பிறகு போனாள். அவள் திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. அவளுக்கு அங்கே சொல்ல என்ன இருக்கிறது என்று நினைக்கவே அவனுக்குக் கூசியது.

ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்து ஞாயிறு சாயங்காலம் நூகு வீட்டுக்கு வந்தான். பையில் இறால். டெய்சி கூடத்தில் உட்கார்ந்து கோயிலில் கொடுத்த குருத்தோலையைக் கிழித்துச் சிலுவை பின்னிக்கொண்டிருந்தாள். வாசலில் பைக் சத்தம் கேட்டதும் கிளாட்வின் முன்னால் ஓடினான்.

“வா நூகு, அப்புடியே வெளியில காத்தாட நிப்போம்.”

“என்னண்ணே, வூட்டுக்கு வந்தவன வாசல்லயே நிறுத்துறீங்க!” என்று சிரித்தபடி நூகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டான். “நல்லா இருக்கீங்களாம்மா? அண்ணி, இந்த எறால உள்ள வையிங்க. காலையில வந்தது, ரிஃபானா கொடுத்துவுட்டா.” ரிஃபானா அவன் மனைவி.

சில்வியா பையை வாங்கிக்கொண்டு டீ போட்டு எடுத்து வந்தாள். கிளாட்வின் நூகுவுக்குக் கண்ணைக் காட்டினான். நூகுவுக்கு அது எட்டவில்லை. சூதுவாது இல்லாதவனிடம் கண்ணைக் காட்டி என்ன பயன்?

“வண்டி ஜம்முனு ஓடுதுண்ணே இப்ப. ஆயில வடிச்சேன், பைக் ஆயிலு ஊத்துனேன், முடிஞ்சிச்சு கதை.” டீயை வாங்கிக்கொண்டு சில்வியாவைப் பார்த்தான். “ஒங்கள நெனச்சாத்தான் அண்ணி பாவமா இருந்திச்சு. ஆபீசுல நாங்க அத்தன பேரும் சிரிச்சிட்டோம். கடைசில பார்த்தா ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல. ஒங்க வண்டிக்கும் அதே கார் ஆயில்தானே. அண்ணன் சொல்லியிருப்பாருல்ல?”

டெய்சியின் கையில் ஓலை நின்றது.

“என்ன சொல்லியிருப்பாரு?” என்றாள் சில்வியா.

நூகு ஒருமுறை அவளைப் பார்த்தான், ஒருமுறை அவனைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு எங்கே வந்து நிற்கிறோம் என்பது புரிந்தது. டீயை ஊதிக் குடிப்பதில் இறங்கிவிட்டான்.

“கார் ஆயிலு ஊத்துனா பைக் கிளட்ச்சு வழுக்கும்” என்றான் கிளாட்வின். தரையைப் பார்த்துச் சொன்னான். “யாரு ஓட்டுனாலும் வழுக்கும். ஒன் தப்பு இல்ல சில்வி. நான்தான்.”

“எப்பத் தெரியும்?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அந்தக் கேள்விக்குத்தான் அவன் பயந்துகொண்டிருந்தான்.

“எப்பங்க தெரியும்?”

“நூகு வண்டி நின்னுச்சே. அன்னிக்கி.”

“பிளேட்டு மாத்துனேன்னீங்க.”

“மாத்தல. ஆயில மட்டும் மாத்துனேன்.”

சில்வியா, “வெண்மதிக்கு வெள்ளிக்கெழமதான் போன் பண்ணி வேலை வேணாம்னு சொன்னேன்” என்றாள்.

கிளாட்வின் தலை தூக்கினான். “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே.”

“நீங்க சொன்னீங்களா?”

டெய்சி, “அடப்பாவி” என்றாள். பாலத்தில் மருமகளுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தவள் அவள்தான். அன்றைக்கு மகன் பேசியதைக் கேட்டுக்கொண்டு சும்மா நின்றவளும் அவள்தான்.

“இப்பவே நான் பேசுறேன்” என்று கிளாட்வின் கைப்பேசியை எடுத்தான். ஏதாவது ஒன்றைச் சரிசெய்துவிட வேண்டும் என்ற அவசரம் அவனுக்கு. “நான் வெண்மதிகிட்ட வெளக்கமா சொல்றேன்.”

“பேசுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க.”

வெண்மதி உடனே எடுத்தாள். கிளாட்வின் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தான். வண்டியில் ஒரு சின்னக் கோளாறு, அதனால் ஒரு குழப்பம், ஆயிலில் ஒரு வகை உண்டு என்று வழக்கம் போல ரப்பர் மரத்துக்குப் போய்க்கொண்டிருந்தவன், எதிரே சில்வியா நிற்பதைப் பார்த்து நிறுத்தினான். “தப்பு என்னுதுங்க” என்றான். “நான் ஆயில மாத்தி ஊத்திட்டேன். வண்டி அதுனால நின்னுச்சு. அவ ஓட்டத் தெரியாமக் கெடுத்துட்டான்னு நாலு பேரு முன்னாடி சொன்னேன். பொறவு தெரிஞ்சும் சொல்லல. அவளுக்கு வண்டி நல்லா ஓட்டத் தெரியும். வேலைக்கு வருவா.”

அந்தப் பக்கம் வெண்மதிக்குக் குழப்பமாகிவிட்டது.

“சார், அவங்க வண்டி ஓட்டத் தெரியலன்னு சொல்லலைங்களே” என்றாள் வெண்மதி. “கை சரியில்லன்னுல்ல சொன்னாங்க.”

“கையா?”

“ஆமா. ‘விட்டுட்டேன்னு நெனக்கிறேன், ஆனா கை விடாம இருந்திருக்கு, எனக்கே தெரியல. எங்க வீட்டுக்காரருக்கு வண்டி விசயம் அத்தனையும் அத்துப்படி, அவரு பார்த்துட்டுத்தான் சொன்னாரு, தப்பா இருக்காது. இந்தக் கைய வச்சிக்கிட்டு அடுத்தவங்க நரம்புல ஊசி ஏத்த எனக்குப் பயமா இருக்கு வெண்மதி’ன்னு சொன்னாங்க. காலேஜுல எங்க செட்டுல அவங்க கைதான் சார் கை. கொழந்தைக்கெல்லாம் ஒரே குத்துல எடுப்பாங்க. அதான் நானே பதறிப்போயி நரம்பு டாக்டருகிட்ட காட்டுங்கன்னு சொன்னேன்.” ஒரு நொடி தயங்கினாள். “வேற ஒரு பொண்ணுக்கு நேத்து வாக்கு கொடுத்துட்டேங்க. இனிமே வேணாம்னு சொல்ல முடியாது.”

அடுப்படியில் அவள் விரலை மடக்கி மடக்கிப் பார்த்ததை நின்று பார்த்தவன் அவன். அந்தக் கையில் எந்தக் கோளாறும் இல்லை என்று உலகத்திலேயே தெரிந்த ஒரே ஆளும் அவன். வெட்கத்தில் உடம்பு வியர்த்தது. நூகு இருப்பதும் அம்மா இருப்பதும் அவனுக்கு இப்போது ஒரு பொருட்டாக இல்லை.

சில்வியா குனிந்து கைப்பேசியின் பக்கம் பேசினாள். “வெண்மதி, நான்தான். டாக்டர்லாம் வேணாம். என் கை நல்லாத்தான் இருக்கு. வேற எங்கயாவது ஆளு வேணும்னா சொல்லு, எவ்வளவு தூரம்னாலும் வர்றேன்.”

“சொல்றேன் சில்வியா. கண்டிப்பா சொல்றேன்.”

கைப்பேசி அணைந்தது. சில்வியா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே போய் பைக் சாவியை எடுத்து வந்தாள்.

“தம்பி, உங்க வண்டிய செத்த நவுத்திக்கிறீங்களா? எங்க வண்டிய வெளில எடுக்கணும்.”

நூகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவசரமாக எழுந்தான். கிளாட்வினும் எழுந்தான். “இரு சில்வி, நான் எடுத்துத் தர்றேன்.”

“நீங்க உக்காருங்க” என்றாள் அவள், கோபமில்லாமல்.

அவன் உட்கார்ந்தான்.